தூங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன்...



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் தூங்கி விழுந்தான். எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் தந்தை அதிகாலை ரயிலில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு வேலைக்குச் செல்பவர். அவர் முகம் பார்க்க இரவு நெடுநேரம் விழித்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. என் மனம் குத்தியது.

பிள்ளைகளின் தூக்கம் சிறிய காரியமல்ல. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களின் 5, 7, 9 வயதுகளில் தூக்கம் எப்படி இருக்கிறது என்று பெற்றோரிடம் கேட்டறிந்தனர். 21, 26 வயதுகளில் அவர்களது மனநலத்தைச் சோதித்தனர். 2005-இல் முடிவு வெளியானது. சிறுவயதில் தூக்கத் தொல்லை நீடித்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு வளர்ந்தபின் பதற்ற நோய் இருந்தது. மற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கே இருந்தது. மனச்சோர்வு நோயோடு இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. தூக்கம் கெட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வரும் என்பதல்ல இதன் பொருள். பெற்றோர் இதை அசட்டை செய்யக் கூடாது என்பதே பொருள்.

நம் நாட்டிலும் சண்டிகரில் 103 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 43 விழுக்காட்டினருக்குப் படுக்கையில் சிறுநீர் கழித்தல், தூக்கத்தில் பேசுதல், பல் கடித்தல் போன்ற ஏதேனும் ஒரு தொல்லை இருப்பதாகக் கூறியது.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் சொல்லும் குடும்பச் செபமாலையை இரவு உணவுக்கு முன்பே சொல்லலாம். செல்பேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். பிள்ளை தினமும் குறட்டை விட்டாலோ, மூச்சுத் திணறி விழித்தாலோ, மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் திருவிழாக்களுக்கும் இதில் பங்குண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை விதிக்கின்றன. அதை நாமே முதலில் கடைப்பிடிப்போம்.

சோர்ந்துபோய்ப் படுத்திருந்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை (1 அரசர்கள் 19). எழுப்பி அப்பம் கொடுத்தார். அவர் மறுபடியும் படுத்துத் தூங்க விட்டார். அதன் பிறகே பயணத்தைப் பற்றிப் பேசினார். இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்று வகுப்பில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால், "நேற்று இரவு எப்போது படுத்தாய்?" என்று முதலில் கேட்போம். இறைவன் நம் பிள்ளைகளுக்கு நிம்மதியான உறக்கம் தருவாராக. ஆமென்.