பூஜ்யத்துக்கு மேலே இருந்த வரி

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறிகள் எல்லாம் இணையத்தோடு நேரே பேசுகின்றன என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் வீடு பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்தி, போனபின் தொடர்வது எங்கள் ஊர் வழக்கம்! அக்காவுக்கு அரசு வழங்கிய இலவச மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸில்தான் நான் லினக்ஸ் பழகினேன். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. ஒரு கட்டளை கொடுத்தால் மென்பொருள்கள் புதுப்பிக்கப்பட்டுவிடும். இதில் கற்க என்ன இருக்கிறது என்ற இறுமாப்பும் எனக்கு இருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் தாம்பரம் அருகே ஒரு நிறுவனத்திற்குப் பயிற்சிக்குச் சென்றேன். அங்கிருந்த நாற்பது லினக்ஸ் கணிப்பொறிகளைப் புதுப்பித்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கட்டளை கொடுத்தேன். புதுப்பிக்க வேண்டியவை 0 என்று திரையில் வந்தது. நாற்பதுக்கும் நேரே 'சரி' என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

மூன்றாம் நாள் மூத்த பொறியாளர் ஒருவர், "தம்பி, அந்தப் பூஜ்யத்துக்கு மேலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?" என்று கேட்டார். பட்டியல்களை இறக்க இயலவில்லை, பழையவையே பயன்படுத்தப்பட்டன என்று அங்கே எச்சரிக்கை இருந்தது. பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் எது பழையதாகத் தெரியும்?

காரணம் பிராக்ஸி. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் கணிப்பொறிகள் நேரே வெளியே போவதில்லை. ஸ்குவிட் போன்ற ஒரு பிராக்ஸி வாயிலில் நின்று, 'நீ யார்?' என்று கேட்டு, அனைவருக்குமாகத் தானே போய் வாங்கி வரும். பிரௌசர் கடவுச்சொல்லை நம்மிடம் கேட்டுக்கொள்ளும். புதுப்பிக்கும் ஆப்ட் கருவியோ தன் அமைப்புக் கோப்பில் உள்ளதையே சொல்லும். அதில் இருந்தது, வேலையை விட்டுப் போன ஒருவரின் கடவுச்சொல்! பிராக்ஸி 407 என்ற பிழை எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரௌசர் ஓடியதால் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். 2014 செப்டம்பர் 24 அன்று 'ஷெல்ஷாக்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. லினக்ஸில் எங்கும் உள்ள பாஷ் நிரலில் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக அது இருந்திருக்கிறது. திருத்தங்கள் விரைவிலேயே வந்தன. ஆனால் ஓட்டை இன்னதென்று உலகுக்கே தெரிந்தபின், திருத்தம் வந்து சேராத கணிப்பொறியின் நிலை என்ன?

அந்தப் பொறியாளர் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்கவில்லை. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேமிப்பகத்தை உள்ளேயே ஒரு கணிப்பொறியில் நிறுவினார். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வீடு வீடாக ஊற்றுவதில்லை. தெருத்தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், நாம் குடத்தோடு போவோம். அதுபோல ஒரு கோப்பு ஒருமுறை உள்ளே வந்தால் நாற்பதும் எடுத்துக்கொள்ளும். பிராக்ஸியின் கடவுச்சொல்லும் அந்த ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதும், அதுவும் தனி ஆளின் பெயரில் அல்லாமல். நடுவில் யாராவது கோப்பை மாற்றிவிட்டால்? டெபியன் போன்றோர் பட்டியலில் மின்கையொப்பம் இடுகின்றனர். ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னிடமுள்ள திறவுகோலால் அதைச் சரிபார்த்த பின்னரே ஏற்கும்.

என் நாற்பது 'சரி'களையும் சிவப்பு மையால் அடித்தேன். மறுபடி ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து, கடைசியாகப் பட்டியல் இறங்கிய நாளைப் பார்த்து எழுத இரண்டு மாலைகள் ஆயின.