புகைக்கூண்டைச் சுத்தம் செய்வது ஏன், எப்போது?

விறகடுப்பின் புகைக்கூண்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளிருந்து முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் விறகு எரியும் வீட்டில் இரண்டு முறை செய்வது நல்லது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் எரிவாயு உருளை வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விசேஷச் சமையலுக்கும் விறகு எரிகிறது. வேலிக்காத்தான் கட்டை, சவுக்கு மிளார், மல்லாட்டைத் தோல் என எது எரிந்தாலும் அதன் புகை போகும் குழாயில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது.

கரி படிவது எப்படி?

விறகு முழுதாக எரியாதபோது கரித்துகளும் தார் ஆவியும் புகையோடு மேலேறுகின்றன. குழாயின் மேற்பகுதி குளிர்ந்திருப்பதால் ஆவி அங்கே குளிர்ந்து, சுவரில் பிசினாக ஒட்டுகிறது. இதற்கு கிரியோசோட் என்று பெயர். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. தீ மந்தமாகிப் படிவு வேகமாகச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகு எரியும் வீடுகளில் புகைக்கூண்டு சீக்கிரம் அடைபடுவது இதனால்தான்.

படிவு தடித்தால் மூன்று ஆபத்துகள் வருகின்றன. முதலாவது, புகை வெளியேற வழியின்றி சமையலறைக்கே திரும்புகிறது. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இரண்டாவது, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் தேங்குகிறது. அது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. மூன்றாவது, கிரியோசோட் தானே தீப்பற்றக்கூடியது. குழாய்க்குள் அது பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். ஓலைக் கூரையை ஒட்டிச் செல்லும் குழாயில் இது நடந்தால் வீடே எரிந்துவிடும்.

ஒடிசா தரும் பாடம்

இந்தியாவில் 1980-களில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. புகைக்கூண்டு வைத்த மண் அடுப்புகள் பல மாநிலங்களில் கட்டித் தரப்பட்டன. கட்டியபின் பராமரிப்பது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் விடை இல்லை.

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவில் பின்னர் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 'கிராம் விகாஸ்' அமைப்பு கட்டிக்கொடுத்த அடுப்புகளை, பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் சுமார் 2,600 குடும்பங்களில் நான்கு ஆண்டுகள் வரை ஆராய்ந்தனர். 2012-இல் முடிவுகள் வெளியாயின. முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தாததும், பழுது பார்த்துப் பராமரிக்காததுமே காரணம் என்று ஆய்வு கண்டது.

எப்போது, எப்படி?

தைப் பொங்கலுக்கு முன் வீடு ஒழித்து வெள்ளையடிக்கும் போகி நாட்கள் முதல் சுத்தத்துக்கு ஏற்றவை. இரண்டாவது சுத்தத்தைப் புரட்டாசியில், மழைக்கு முன் முடித்துவிட்டால் கார்த்திகை தீபத்துக்கு உறவினர் வந்து அடுப்பு ஓயாமல் எரியும் நாட்களுக்கு வழி திறந்திருக்கும். உள்சுவரில் 3 மில்லிமீட்டர் கரி படிந்திருந்தாலோ, அடுப்பு வாயில் புகை திரும்பினாலோ, இணைப்புகளில் கறுப்புப் பிசின் கசிந்தாலோ நாள் பார்க்காமல் உடனே சுத்தம் செய்ய வேண்டும். பல மாதங்கள் எரியாமல் கிடந்த குழாயில் குளவிக்கூடும் பறவைக்கூடும் இருக்கக்கூடும்.

நம் ஊர்களில் இதற்கெனத் தனித் தொழிலாளர் இல்லாததால், அடுப்பு கட்டத் தெரிந்த கொத்தனாரை அழைப்பதே பொருத்தம். அடுப்பு ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நீளக் கழியில் கட்டிய தூரிகையால் குழாயை மேலிருந்து தேய்த்து, உதிரும் கரியை அடியில் வாரி, குழாயில் விரிசல் உண்டா என்றும் பார்ப்பது முறை. வேலை செய்பவர் முகக்கவசமும் கையுறையும் அணிவது கட்டாயம். லண்டனில் புகைக்கூண்டு துடைத்தவர்களுக்குப் புற்றுநோய் வருவதை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். பழைய குழாய் கல்நார் சிமெண்டால் ஆனது என்றால் அதைச் சுரண்டவே கூடாது. கல்நார் இழைகள் நுரையீரலைக் கெடுக்கும். குழாயையே மாற்றிவிடுவது பாதுகாப்பு.

மின்சார சிம்னி

எரிவாயு அடுப்பின் மேல் பொருத்தும் சிம்னியில் சேர்வது எண்ணெய்ப் பிசுக்கு. வலை வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், தகடு வடிகட்டியை மாதம் ஒருமுறையும் வெந்நீரில் கழுவலாம். சாதாரணக் கரி வடிகட்டியைக் கழுவ முடியாது, மாற்றவே வேண்டும். 'ஆட்டோ கிளீன்' வசதி உள்ளிருக்கும் எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் வடிக்கும். வெளியே செல்லும் குழாயை அது தொடாது. அந்தக் குழாயையும் மோட்டாரையும் ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் ஆளிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம். தினமும் வறுவலும் தாளிப்புமாக நடக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

புகைக்கூண்டு வைத்தவர்கள் அதைத் துடைப்பதற்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். துடைக்காத புகைக்கூண்டு இருந்தும் பயனில்லை.