இரேனியஸ் ஐயரின் பிரிவும் கால்டுவெல் ஐயரின் சேர்வும்

திருப்பெரும்பூதூரை அடுத்த தண்டலத்தில் தொழிற்சாலைப் பணியிலிருக்கும் நெல்லை இளைஞர் ஒருவர், கொள்கை ஒவ்வாதவிடத்துத் தாம் பிறந்த சபையை விட்டு நீங்குதல் நன்றிக்கேடாகுமா என்று எம்மை வினவினார். விடை பகர யாம் சமயக் குருவல்லேம். ஆயினும், அவருடைய நாட்டிலேயே இவ்வினாவை நேர்கொண்ட இருவர், தமிழிலக்கண ஆராய்ச்சியாளர் நன்கறிந்த இருவர், எம் நினைவுக்கு வந்தனர்.

முதல்வர் இரேனியஸ் ஐயர். 1790இல் பிரஷ்யாவிற் பிறந்த இவர், லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கத்தாரால் 1814இல் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். 1820 முதல் பாளையங்கோட்டையில் தங்கித் தொண்டாற்றினார். ‘பூமிசாஸ்திரம்’ என்னும் நூலும் ஆங்கிலத்தில் எழுதிய தமிழிலக்கணமும் இவர் தந்தவை. விவிலியத்தைப் பெயர்க்குங்கால், மூலத்தின் சொல்லை ஒட்டியே செல்லாது பொருள் தமிழ் வழக்கோடு இயையுமாறு அமைத்தல் வேண்டுமென்பது இவர் கொண்ட முறை. எழுத்தினும் பொருளே தலையாயது என்னும் அவ்வுள்ளம் சபைக் கொள்கையிலும் தொழிற்பட்டது என்றே யாம் கருதுகின்றோம்.

சிற்றூர்தோறும் சபைகள் பெருகின. குருமாரோ மிகச் சிலர். ஆதலின், உடனிருந்து உழைத்த தமிழ் உபதேசியார்க்குத் தம் லுத்தரன் முறைப்படியே குருப்பட்டம் அளிக்க இரேனியஸ் விழைந்தார். ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சர் கைவைத்து அளிப்பதே பட்டமாகும் என்றது சங்கம். புறநோக்கில் இது வெறும் சடங்கு வழக்கெனத் தோன்றலாம், அன்று. குருத்துவம் அப்போஸ்தலர் வழிவந்த அத்தியட்சர் வாயிலாக மட்டுமே இறங்குவதா, குருமாரும் அதனை வழங்கற்குரியரா என்பதே வினா. முன்னதை ஒப்பின், இரேனியஸ் தாம் பெற்ற பட்டமே குறையுடையதென்று தாமே ஒப்பியவராவார். ஜான் தேவசகாயம் என்னும் தமிழர் 1830இலேயே அத்தியட்சர் கையால் உதவிக்குருப் பட்டம் பெற்றிருந்தார் என்பதும் ஈண்டு மறத்தற்கில்லை. தமிழர் குருவாகலாம் என்பதில் இரு சாராரும் மாறுபட்டிலர்.

ஹார்ப்பர் என்னும் ஆங்கிலக் குரு எழுதிய சிறுநூலை மறுத்து இரேனியஸ் 1834இல் வெளியிட்ட மதிப்புரை ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பையே கடிந்தது. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் தாமே நீங்கினாரா, நீக்கப்பட்டாரா என வாதிடுவாருளர். விலகல் கடிதம் எழுதாவிடினும், அம்மதிப்புரையை அச்சேற்றிய அன்றே அவர் உள்ளத்தால் நீங்கிவிட்டார் என்பது எம் துணிபு. தன் பொருளால் வாழ்ந்துகொண்டே தன் திருச்சபையை வெளிப்படையாக மறுப்பவரைச் சங்கம் எங்ஙனம் தாங்கும்? அதன் பக்கத்தும் நியாயம் உண்டு.

ஆர்க்காடு சென்ற அவரை உபதேசியார் பலர் மீண்டும் அழைத்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் திரும்பினார். நெல்லைச் சபைகள் இரு கட்சியாயின. நேற்றுவரை ஒருங்கிருந்து வழிபட்டவர் பிரிந்து நின்றனர்; ஐரோப்பியர் நூலில் எழுந்த பூசலின் சுமை சிற்றூரார் தலைமேல் வீழ்ந்தது. 1838 ஜூனில் இரேனியஸ் மறைந்தபின், அவரைச் சார்ந்தோருட் பெரும்பாலார் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர்.

அதே 1838இல் லண்டன் மிஷன் சங்கத்தாராய்ச் சென்னையில் வந்திறங்கியவர் கால்டுவெல். அச்சங்கத்தில் அத்தியட்சர் முறை இல்லை. அவரோ எதிர்த்திசையில் நடந்தார். கற்றும் ஆய்ந்தும் அத்தியட்சர் முறையே ஏற்புடையதெனத் தெளிந்து, அச்சங்கத்தை நீங்கி, 1841இல் நீலகிரியில் ஆங்கிலத் திருச்சபைப் பட்டம் பெற்று, இடையன்குடி சேர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. 1877இல் அவரே அத்தியட்சருமானார். இரேனியஸ் எதனை ஏலாது நீங்கினாரோ, அதனை நாடியே கால்டுவெல் நீங்கினார். இருவர் மனச்சான்றும் ஐயுறற்பாலதன்று.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இனி வழங்கும் பட்டம் அத்தியட்சர் கைவழியே என வகுத்தனர்; எனினும், அதற்குமுன் பிற முறையிற் பட்டம் பெற்றிருந்த குருமாரை மறுபட்டமின்றி அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். நெல்லையும் அவ்விணைப்பில் அடங்கிற்று. இரேனியஸ் விலக்கப்பட்டு அப்போது 112 ஆண்டுகள் கழிந்திருந்தன.