தேநீரும் டாங்கோவும்

தேநீர் நடனம் என்பது முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு லண்டன் நாகரிக வட்டாரங்களில் பரவிய பிற்பகல் பொழுதுபோக்கு. இரவுச் சாப்பாடு தாமதமானதால், 1840-களிலேயே இங்கிலாந்துச் செல்வர் வீடுகளில் மாலைத் தேநீர் வழக்கமாகிவிட்டது. அதனோடு நடனத்தைச் சேர்த்தது டாங்கோ மோகம்.

புவனோஸ் அயர்ஸின் ஏழைக் குடியிருப்புகளில் உருவான இந்த நடனம், பாரிஸ் வழியாக லண்டனுக்கு வந்து 1913-இல் உச்சம் தொட்டது. வால்டார்ஃப் போன்ற பெரிய ஓட்டல்களில் 'டாங்கோ டீ' நடந்தது. சுற்றிலும் சிறு மேசைகள், நடுவில் ஆடுவதற்கு இடம், ஓரத்தில் இசைக்குழு. ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு வந்து தேநீரும் கேக்கும் சாப்பிடுவார்கள். அடுத்த பாட்டுக்கு மீண்டும் எழுவார்கள்.

இதில் பெண்களுக்குக் கிடைத்த சுதந்திரம்தான் முக்கியமானது. பெரிய வீட்டு நடன விருந்துக்கு அழைப்பு வேண்டும். மணமாகாத பெண்ணுக்குத் துணையாக மூத்த பெண் ஒருவர் வரவேண்டும். விருந்து விடியும் வரைகூட நீளும். தேநீர் நடனமோ பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், கட்டணம் செலுத்தி ஆடுவது. நெருங்கி ஆடும் டாங்கோவுக்கு எதிர்ப்பும் இருந்தது: ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், சீருடையில் அதை ஆடக்கூடாது என்று 1913-இல் தம் அதிகாரிகளுக்குத் தடை விதித்தார்.

போருக்குப் பின் ஜாஸ் இசையும் ஃபாக்ஸ்ட்ராட்டும் வந்தன. 1919-இல் திறந்த ஹாமர்ஸ்மித் பாலே போன்ற நடனக்கூடங்கள் சாதாரண மக்களையும் ஈர்த்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தேநீர் நடன வழக்கம் தேய்ந்தாலும், பிளாக்பூல் கோபுர நடனக்கூடத்தில் வுர்லிட்சர் ஆர்கன் இசைக்கு முதியவர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.