மணத்தக்காளியும் அதன் பருவப் பகைவர்களும்

வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நமது வைத்தியம் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மணத்தக்காளி, கத்தரியின் வம்சத்துச் செடியாதலால், கத்தரியின் பகைவர்களில் அநேகரைத் தானும் அடைந்திருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றோடு வந்து படியும் அத்திப்பட்டு வட்டாரத்தில், அப்பகைவர்களுள் எது எப்பருவத்தில் வரும் என்றறிவது, கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவருக்கும் அவசியமாகும்.

மார்கழி, தைக் குளிரில் கொழுந்துகளை அசுவினி மொய்க்கும்; அதைப் பொறிவண்டுகள் தின்று குறைக்கும். ஆனால் அதே பொறிவண்டுக் குடும்பத்தில் பிறந்தும் இலையையே உணவாகக் கொண்ட புள்ளிவண்டு ஒன்றுண்டு. பளபளப்பற்ற, மெல்லிய ரோமம் படர்ந்த செம்பழுப்பு முதுகில் 28 கரும்புள்ளிகள் கொண்ட அவ்வண்டும், முட்கள் கிளைத்த அதன் மஞ்சள் புழுவும், பச்சையத்தைச் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கிவிடும். நன்மை செய்யும் வண்டின் முதுகோ வழவழப்பாக மின்னும். இந்த பேதம் தெரியாமல் இரண்டையும் சேர்த்து நசுக்குவது பெரும் பிழையாகும்.

கோடையில் வரும் செஞ்சிலந்திப்பேனோ பூச்சி ஜாதியே அன்று. சிலந்திக்கு உறவான, எட்டுக் காலும் அரை மில்லிமீட்டர் உடலும் உடைய இந்த ஜந்து, இலையின் அடிப்புறத்தில் நூலிழைத்து, உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்ச, மேற்புறத்தில் வெண்பொட்டுகள் தோன்றி, பின் இலை முழுதும் வெளிறிப் பழுப்பேறும். கடும் வெப்பத்தில் முட்டை முதிர்ந்த பேனாவதற்குப் 10 நாட்கள்கூடத் தேவையில்லை. அதனினும் வியப்பு, இணைசேராத பெண்ணும் முட்டையிடுவதும், அவற்றிலிருந்து ஆண்களே பிறப்பதுமாகும். ஆகவே நூலிழையில் தொங்கிக் காற்றில் மிதந்துவரும் ஒற்றைப் பெண்ணே, தான் பெற்ற ஆண்களுடன் கூடி, புதியதொரு குடியேற்றத்தை ஸ்தாபித்துவிட வல்லது.

வறட்சியும் புழுதியுமே இதற்கு உற்ற துணை. ஏனெனில் தூசி படிந்த இலையில், இப்பேனைத் தின்று வாழும் சிறு கருவண்டும் இரைகொல்லிப் பேன்களும் செவ்வனே சஞ்சரித்து வேட்டையாட இயலாது. பூச்சிக்கென்று தெளிக்கும் கடும் விஷங்கள் பலவும் அந்த ரக்ஷகர்களையே முதலில் கொன்று, செஞ்சிலந்தியை மேலும் விருத்தியாக்கிவிடுகின்றன; தவிர, பறித்து உண்ணும் கீரையில் விஷத்துக்கு என்ன வேலை? சித்திரை, வைகாசியில் காலைதோறும் இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீரைப் பாய்ச்சிக் கழுவினால், தூசியும் பேனும் ஒருங்கே நீங்கும். மீறிப் பரவினால், கீரையைப் பறித்துக்கொண்ட பின், லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து இரவில் ஊறவைத்து வடித்த வேப்பங்கொட்டைச் சாற்றைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த வேளையில் எஞ்சிய செடியின்மேல் அடிப்புறம் நனையுமாறு தெளிக்கலாம்.