கேரவனுக்கு எர்த் எங்கே?

கேரவன்னு சொன்னா நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். பிரிட்டனில் அது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு. கேம்ப்சைட்டில் நிறுத்தி, அங்கே இருக்கும் மின்பெட்டியில் கேபிளைச் செருகினால் 230 வோல்ட் உள்ளே வந்துவிடும். அந்த நீல நிற பிளக்கைப் பற்றிப் படிக்கப் போய், எர்த்திங் பற்றித்தான் நிறையப் படித்தேன்.

கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது. பூமியோடு அதற்குச் சரியான தொடர்பு கிடையாது. ஆனா நீங்க வெறுங்காலோடு ஈரப் புல்லில் நிற்கிறீர்கள், கை கதவுப் பிடியில். வண்டியின் உலோகத்தில் கரண்ட் ஏறினால், அது பூமிக்கு இறங்க நல்ல வழி நீங்கதான்.

"எர்த் வயர் இருக்கே?" இருக்கு. சிக்கலும் அங்கதான். பிரிட்டனில் பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து வரும் ஒரே கம்பிதான் நியூட்ரலாகவும் எர்த்தாகவும் வேலை செய்கிறது. இதை பி.எம்.இ. என்பார்கள். அந்தக் கம்பி எங்காவது அறுந்தால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் எர்த் வயர் வழியாக உலோகப் பாகங்களில் ஏறிவிடும். வீட்டுக்குள் குழாய் முதல் எல்லா உலோகமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் ஆபத்து குறைவு. வெளியே ஈரத்தில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆர்.சி.டி. காப்பாத்தாதா? நம்ம ஊரில் பொதுவா இ.எல்.சி.பி.ன்னு சொல்றோமே, அதேதான். அது லைவையும் நியூட்ரலையும் துண்டிக்கும், எர்த் வயரைத் தொடாது. அதனால்தான் 2002-இல் வந்த பிரிட்டிஷ் மின்விநியோகப் பாதுகாப்பு விதிகள், இந்த வகை எர்த்தைக் கேரவனின் உலோகத்தோடு இணைக்கக் கூடாது என்கின்றன. கேம்ப்சைட்டில் தனியாக எர்த் ராட் அடிப்பது இதற்காகத்தான். கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைக் குளிர வைக்க, வாசலில் நிறுத்திய கேரவனை வீட்டு பிளக்கில் செருகுபவர்கள் முதலில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்பது நல்லது.

மற்ற கசிவுகளுக்கு ஆர்.சி.டி. அருமையான காவல். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் துண்டித்துவிடும். டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்க.

இன்னும் சில விஷயங்கள்:

கேபிள்: பிரிட்டனில் வழக்கம் 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர். மிச்சத்தைச் சுருட்டியே வைக்காதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகிவிடும். முழுசா பிரித்து, வண்டிக்கு அடியில் தளர்வாகப் போடணும்.

லோடு: 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். பிரான்ஸில் 6 ஆம்பியர் இணைப்புகள் சாதாரணம், அதாவது 1380 வாட்தான். வீட்டு கெட்டில் ஒன்றே 2000 வாட்டுக்கு மேல் கேட்கும்.

போலாரிட்டி: ஐரோப்பாவில் பல இடங்களில் லைவும் நியூட்ரலும் இடம் மாறி வரலாம். அப்போது பிரிட்டிஷ் கேரவனில் ஒற்றை முனை சுவிட்சை அணைத்தால் நியூட்ரல்தான் துண்டிக்கப்படும். கருவி நின்றுவிடும், ஆனா உள்ளே லைவ் இருக்கும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டர் இதைக் காட்டிவிடும்.

வரிசை: கேபிளை முதலில் கேரவனில் செருகுங்க, பிறகு மின்பெட்டியில். கழற்றும்போது மின்பெட்டியில்தான் முதலில்.