பொலி... பொலி...



களத்துமேட்டில் நெல் தூற்றும்போது 'பொலி... பொலி...' என்று குரல் கொடுப்பதை நம்மில் மூத்த அக்காமார்கள் கேட்டிருப்பீர்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு பல ஊர்களில் அந்தச் சத்தமே இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கும் நம்ம குழுவின் கடன் லெட்ஜருக்கும் சம்பந்தம் உண்டு.

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்து நிறைதல். தூற்றிய நெல் குவியலுக்கும் பொலி என்றுதான் பேர். பசுவுக்கு விடும் காளையைப் பொலிகாளை என்கிறோம். முகத்தில் பொலிவு என்பதும் இதே வேர்தான்.

சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் 'பொலிசை'. முதலிலிருந்து பொலிந்து வருவதால் பொலிசை. சுமார் 1,000 வருஷத்துக்கு முன், ராஜராஜன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கின. காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பொலிசை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. மாசக் கணக்கில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம்தான் மேலே!

பணம் மட்டுமில்லை, ஆடும் கொடுத்தார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அதைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகாமல் இருக்குமா? செத்தாலும் குட்டிகளைக் கொண்டு 96 என்ற எண்ணிக்கையைக் குறையாமல் வைத்து, நெய் அளந்து வரவேண்டும். ஆட்டுக்கடன் வாங்கிய நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, நாம் கட்டும் வட்டி யாருக்குப் பொலிகிறது? குழுவின் உள்கடனில் கட்டும் வட்டி நம் பொதுநிதிக்கே வருகிறது. வெளியே வாங்கினால் கொடுத்தவருக்குப் போகிறது. அதிலும் கணக்குப் போடும் விதம் முக்கியம். 10,000 ரூபாயை 2 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 வீதம் 10 மாதத்தில் அடைக்கிறோம் என்று வைப்போம். மீதி முதலுக்கு மட்டும் வட்டி போட்டால் 200, 180, 160 என்று குறைந்து மொத்தம் 1,100 ரூபாய். கடைசி வரை 10,000-க்கே போட்டால் 2,000 ரூபாய். இரண்டையுமே '2 ரூபாய் வட்டி' என்றுதான் சொல்லுவாங்க. 900 ரூபாய் வித்தியாசம் எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த கூட்டத்தில் பாஸ்புத்தகத்தைப் பிரித்து, இந்த மாத வட்டி எந்தத் தொகைக்குப் போடப்பட்டது என்று ஊக்குநரிடம் கேளுங்கள். வெளியே கடன் வாங்குவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.